காலி கேமராவுக்குச் சிரித்தவன்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் பனி இறங்கி, எதிர்ச் சாரி பேக்கரியின் பெயர்ப்பலகையைப் பாதி தின்றிருந்தது. என் போட்டோக் கடைக்குள் நான் ஒரு தேனிலவு மாப்பிள்ளைக்கு அவருடைய படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். லேடீஸ் சீட் மலைமுனையில் நின்று, சாயங்காலச் சூரியனை உள்ளங்கையில் ஏந்துவதுபோல எடுத்த படம். சூரியன் கைக்கு வராமல் பெண்ணின் காதோரம் போய் நின்றிருந்தது.

"கம்மல் மாதிரி இருக்குதுங்க. இது யாருக்கும் அமையாது" என்று நான் சமாளித்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள்.

நாற்பதை நெருங்கிய பெண். சந்தையில் மிளகு விற்றுக் காலியான கூடை இடுப்பில். தலையில் போட்டிருந்த துண்டில் பனி முத்து முத்தாக நின்றது. மடியிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்க, பட்டாளத்துல போட்டோப் புடிச்சுட்டு இருந்தவரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"எஸ்டேட் ரைட்டரு மகனுங்களா?"

"ஆமாங்க." பத்து வருஷம் ராணுவத்தில் இருந்தாலும் சேர்வராயன் மலையில் நான் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரின் மகன்தான்.

"அப்பச் சரி. இத்தன வருசமாத் தேடிட்டிருந்தனுங்க. என்ற தம்பி படத்தக் குடுங்க. மாரமங்கலம் முருகேசன். பூட்ஸோட முழுசா நிக்கறது."

மாப்பிள்ளை படங்களை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சூரியனைக் காதில் மாட்டியதற்காக அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

கடிதத்தைப் பிரித்தேன். மடிப்புகளில் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. 'அக்கா, இங்க நம்ம ஏற்காட்டு அண்ணன் ஒருத்தரு பட்டாளத்துப் போட்டோக்காரரா இருக்காரு. இன்னிக்கு என்னைய முழு சைஸ்ல எடுத்தாரு. அவரு வாட்சையே கழட்டிக் குடுத்து கட்டிக்கச் சொன்னாரு. படத்தக் கண்டிப்பா ஊட்டுக்கு அனுப்புவாரு. அம்மாகிட்டக் காட்டு. பூட்ஸெல்லாம் தெரியும்.'

இதை எழுதிய நாலாம் நாள் அவன் செத்துப்போனான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று. அப்படி ஒரு படமே கிடையாது.

"நெகட்டிவ் எல்லாம் தில்லியில இருக்குதுங்க. எழுதிக் கேக்கறேன்" என்றேன்.

டயர் எரிந்த போர்

இந்தத் தொடரில் நான் ராணுவத்தில் சேர்ந்ததும், பீரங்கி எப்போது வரும் என்று கேட்டு இரண்டு வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மன்னிக்க வேண்டும். பீரங்கிகளை நான் பெரும்பாலும் துடைத்து வைத்த பிறகுதான் பார்த்தேன்.

நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். எஸ்டேட் முதலாளி என் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய கேமரா ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததால், லென்ஸ் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்து என்னைப் படமெடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். பிறகு, கடல் தாண்டி அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லி ஒரு படை கிளம்பியபோது, அமைதியைப் படமெடுக்க என்னையும் கப்பலில் ஏற்றினார்கள்.

போர் பற்றிக் கனமான புத்தகங்கள் பல படித்திருக்கிறேன். எதிலும் போட்டோகிராபர் தலைக்கவசத்தில் பிலிம் சுருளை வைத்துக்கொண்டு, வயிற்றுப்போக்கோடு வாழைத் தோப்பில் உட்கார்ந்திருந்ததாக வரவில்லை. என் போர் ஏறக்குறைய அங்கேதான் நடந்தது.

எங்களுக்கு மூன்று விதமான படங்களுக்குத்தான் உத்தரவு. பெரிய அதிகாரி வரைபடத்தில் விரல் வைப்பது. பிடிபட்ட ஆயுதங்களை வரிசையாக அடுக்கியது. மூன்றாவது, இறந்தவர்களை அடையாளத்துக்காக எடுப்பது. நாலாவது விதம் எதற்கும் பிலிம் கிடையாது.

ஒருமுறை ரோந்துப் படை ஒன்றோடு நிஜமாகவே ஓடி, நாலு படம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஓர் அதிகாரி பார்த்துவிட்டு, "போர் மாதிரியே இல்லையே" என்றார். போரில்தான் எடுத்தேன் என்றேன். மறுநாள் லாரி டயர் ஒன்றைக் கொளுத்தி, அந்தப் புகைக்கு முன்னால் அதே ஆட்களை மறுபடி ஓடச்சொல்லி எடுத்தோம். பத்திரிகைகளுக்குப் போனது அந்தப் படம்தான். ஓடியவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்திருந்தான். 'உறுதியான முகம்' என்று அதற்குக் கீழே எழுதியவன் நான்.

இடது தோளில் இருந்தது

என்னிடம் இரண்டு கேமராக்கள். வலது தோளில் இருந்தது வேலை செய்யும். இடது தோளில் இருந்தது கப்பலில் வரும்போதே கீழே விழுந்து பிலிம் சுற்றும் பல் உடைந்தது. பட்டியலில் இருந்ததால் தூக்கிப் போட முடியாது, திரும்பி வரும்வரை சுமந்தாக வேண்டும். அதில் பிலிம் கிடையாது. ஆனால் பட்டனை அழுத்தினால் 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வலது கேமராவைவிடக் கம்பீரமாக வரும்.

என் வாழ்வின் ஒரே கண்டுபிடிப்பு அதிலிருந்துதான் பிறந்தது.

சிப்பாய்கள் கேமராவைக் கண்டால் விடமாட்டார்கள். அண்ணே, ஒண்ணு, பாயி சாப், ஒண்ணு. முதலில் 'பிலிம் இல்லை, உத்தரவு இல்லை' என்று சொல்லிப் பார்த்தேன். முகம் தொங்கிப்போய்விடும். நாளைக்குக் காலையில் ரோந்து போகிறவனிடம் அப்படிச் சொல்ல எனக்கும் நன்றாக இல்லை. ஒருநாள் இடது கேமராவை எடுத்தேன். க்ளிக். அவ்வளவுதான். அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அதன் பிறகு எல்லாருக்கும் இடதுதான். எண்ணெய் தேய்த்துத் தலை வாருவார்கள், ஒருவர் தொப்பியை ஒருவர் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், வீட்டு விலாசத்தை என் நோட்டில் எழுதித் தருவார்கள். அதிகாரி முன்னால் விறைத்து நின்ற அதே முகங்கள், இந்த ஓட்டைப் பெட்டிக்கு முன்னால் வாய் கொள்ளாமல் சிரிக்கும். அந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்த நல்ல முகங்கள் எல்லாம் இடது கேமராவுக்குள்தான் போயின.

இந்த ஏமாற்று சிப்பாய்களோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கூரை பெயர்ந்த பள்ளிக்கூடம் ஒன்றின் ஆசிரியர், "தம்பி, இதையும் ஒருக்கா எடுங்கோ, ஆரும் பாக்கட்டும்" என்றார். யார் போட்ட குண்டு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கும் ஒரு க்ளிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"நீங்க சேலத்துப் பக்கங்களா?"

முருகேசன் என்னைக் கண்டுபிடித்தது பேச்சை வைத்து. சோற்று வரிசையில் நின்று பருப்பைப் பற்றி நான் நம் ஊர்ப் பாஷையில் ஏதோ திட்டியிருக்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்கண்ணா, நீங்க சேலத்துப் பக்கங்களா?"

"ஏற்காடு."

"அட சாமி! நான் மாரமங்கலமுங்க!" தட்டோடு என்னைக் கட்டிப்பிடித்தான். பருப்பு என் சட்டையில் கொட்டியது. அது இருக்கவேண்டிய இடத்துக்கு வந்ததாகத்தான் அப்போது தோன்றியது.

இருபது, இருபத்தொரு வயதிருக்கும். இரண்டு நாள் காப்பி பற்றியே பேசினோம். அங்கே பூ விட்டிருக்குமா, மழை சரியாக விழுந்ததா, ஆரஞ்சு மரங்களுக்கு என்ன நோய். மூன்றாம் நாள் அவன் கேட்டான்.

"அண்ணா, ஒரு படம். முழுசா. ஊட்டுல பள்ளிக்கூடத்துல எடுத்த தலை மட்டும்தானுங்க இருக்குது. பூட்ஸு தெரியோணும். அக்காதான் வளத்துச்சு, அது நம்பவே மாட்டேங்குது நான் பூட்ஸு போடறேன்னு."

"கையில வாட்ச் இருந்தா நல்லா இருக்குமே" என்று சொல்லி, என் வாட்சைக் கழற்றிக் கொடுத்தேன். வஞ்சனை செய்கிறவன் இப்படித்தான் சின்ன விஷயங்களில் தாராளமாக இருப்பான்.

பனைமரத்தருகே நின்றான். பூட்ஸ் தெரிய ஒரு காலை முன்னால் வைத்தான். மோவாயைத் தூக்கினான். சிரித்தான்.

ஊர்க்காரனாயிற்றே, வலதில் ஒன்று எடுத்தால் என்ன என்று கை ஒரு கணம் அந்தப் பக்கம் போனது. மறுநாள் காலை வரைபடத்தில் விரல் வைக்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. கை இடது பக்கம் திரும்பிவிட்டது.

க்ளிக்.

நாலு நாள் கழித்து, கூடாரத்துக்குப் பின்னால் ஒரு தார்ப்பாயைத் தூக்கிக் காட்டி, "அடையாளத்துக்கு" என்றார்கள். வலது கேமராவை எடுத்தேன். அவனுக்காக நான் பிலிம் செலவழித்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் காயமில்லை. தூங்குவதுபோல இருந்தான் என்று எழுத ஆசைதான். தூங்குகிறவர்கள் அப்படி இருப்பதில்லை. போகஸ் கச்சிதம், வெளிச்சம் கச்சிதம். "தெளிவான படம்" என்று பாராட்டு வேறு வந்தது.

பிரிண்ட், நெகட்டிவ் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. அந்த ஒன்றில் மட்டும் அதிகப்படியாக ஒரு பிரிண்ட் போட்டு வைத்துக்கொண்டேன். ஏன் என்பதற்கு இன்றுவரை எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

ஞாயிறு தோறும்

பழனியம்மா, அதுதான் அந்த அக்காவின் பெயர், அதன் பிறகு ஒரு சந்தை நாளையும் விடவில்லை. கூடையோடு வாசலில் நிற்பாள்.

"ஏனுங்க, தில்லிக்காரன் படத்தக் கழுவிட்டானுங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"தண்ணிக்குத் தட்டுப்பாடுங்களாட்ட இருக்குது அங்க."

போய்விடுவாள். நாலாவது ஞாயிறு போகவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. பட்டாளத்துல இருந்து ஒரு சொம்புல சாம்பல் வந்துச்சு. எங்கம்மா அத ஊட்டுக்குள்ள உட மாட்டேனுபோடுச்சு. மாட்டுக் கொட்டாய்ல தொங்குதுங்க இத்தன வருசமா. சாம்பல் ஆருதுன்னாலும் சாம்பல்தாங்குது. 'படம் வருதுன்னு எழுதியிருக்கறான், அது வராம அவன் கத முடியல'ங்குது. கருமாதி பண்ண உடறதில்ல. பொழுதாவ அவனுக்கும் சேத்து ஒலையப் போடுது."

"அம்மாவுக்கு ஒடம்பு...?"

"நொம்ப நாளைக்குத் தாங்காதுங்க. கண்ணும் மங்கலாயிருச்சு. அது போறதுக்குள்ள அவன அனுப்பி வெக்கோணும். உங்களக் கையெடுத்துக் கும்படறனுங்க."

என்னை இரண்டாவது முறையாக ஒருவர் கும்பிடுகிறார். இரண்டும் இடது கேமராவின் சம்பாத்தியம்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பாத் தந்துடறேன் அம்மணி" என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது. நான் பொய்யைக் கெட்டிப்படுத்தினேன்.

கண் திறக்கிற ரத்தினம்

சேலத்தில் ரத்தினம் என்று ஓர் ஆர்ட்டிஸ்ட் இருந்தார். வீட்டில் யாராவது இறந்து, உயிரோடு எடுத்த படம் இல்லாவிட்டால், பிணத்தை உட்காரவைத்து எடுத்த படத்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பார்கள். மூடிய இமைமேல் பென்சிலும் பிரஷுமாகக் கண் வரைந்து தருவார். சேலம் ஜில்லாவில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் அவர் வரைந்த கண்தான் பேரப்பிள்ளைகளை முறைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த அதிகப்படி பிரிண்டை அவர் முன்னால் வைத்தேன்.

"தொறந்துரலாம் சார். எப்பிடிப் பாக்கோணும்? நேராவா, இல்ல சாமியப் பாக்கற மாதிரி கொஞ்சம் மேலயா?"

"நேரா. முழு உடம்பும் வேணும். பூட்ஸோட."

"ஒடம்பு?"

உடம்புக்கு வேறு ஆள் ஏது? மறுநாள் பெட்டியிலிருந்து என் பழைய யூனிபாரத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பட்டன் மூன்று போடவே முடியவில்லை, பின்னால் கிழித்து ஊசி குத்தினோம். வாட்சைக் கட்டிக்கொண்டு, பூட்ஸ் மாட்டி, ஒரு காலை முன்னால் வைத்து நின்றேன். ரத்தினம் என்னைப் படமெடுத்து, என் தலையை வெட்டி எறிந்துவிட்டு அவன் தலையை ஒட்டினார். பிளேடால் என் தொந்தியைச் சீவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு மேல அறுத்தா பெல்ட்டு போயிரும் சார்."

"சிரிக்க வைக்க முடியுமா?"

"கண்ணு எம் பேச்சக் கேக்கும். வாய் கேக்காது சார், அது கெட்டியாயிரும்."

ஒட்டியதை மறுபடி படமெடுத்து, பிரிண்ட் போட்டு, பின்னால் பனைமரம் ஒன்றையும் வரைந்து கொடுத்தார். என் ராணுவ வாழ்க்கையின் மிகச் சிறந்த படம். டயர்கூட எரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழனியம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

"இது என்ற தம்பி இல்லீங்க."

"ஏனுங்க?"

"அவன் நொட்டாங்கைக்காரன். திங்கறது மட்டுந்தான் சோத்தாங்கை, அதும் நான் அடிச்சுப் பழக்குனது. வாட்ச்ச எப்பவும் சோத்தாங்கையிலதான் கட்டுவான். திருவிழாவுல பொம்ம வாட்ச் வாங்கிக் குடுத்தாலும் அந்தக் கையிலதான்."

என் வாட்ச். என் கண்ணெதிரே வலது கையில் கட்டிக்கொண்டான். பார்ப்பதுதான் எனக்குத் தொழில். ஆனால் பிலிம் இல்லாத கேமரா வழியாகப் பார்க்கிறவன் எதையும் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

"மூஞ்சி அவனுது. கண்ணு அவனுது இல்ல. ஒடம்பு..." என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் வயிற்றில் அவள் பார்வை நின்றது. "படமே எடுக்கலீங்களா?"

"கேமராவுல பிலிம் இல்லைங்க."

"தீந்து போயிருச்சுங்களா?"

"இல்லைங்க. போடவே இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கேமரா, விலாச நோட்டு, தார்ப்பாய், ரத்தினம். வெளியே சுற்றுலா பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. சொல்லி முடித்தபோது, அவள் அந்தப் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவன் தலைக்கு எண்ண கிண்ண தேச்சுட்டு வந்து நின்னிருப்பான்" என்றாள். "எங்கம்மாவுக்குக் கண்ணு பத்தாது. இதே போதும். வர்ற வெசாழன் கருமாதி வெச்சுக்கறோம். நீங்க வரோணும்."

"நானா? நான் எதுக்குங்க..."

"பின்ன? உங்க ஒடம்புக்குத்தான மாலை உழுவப்போவுது. வந்து பாருங்க."

மாரமங்கலத்தில் ஒரு மாலை

வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வழி நெடுகக் காப்பிப் பூ வாசனை, கல்யாண வீட்டில் மல்லிகைக் கூடையைக் கவிழ்த்ததுபோல.

வீட்டு நடுவில் நாற்காலிமேல் படம். பக்கத்தில் கொட்டகையிலிருந்து இறக்கித் தேய்த்துத் துலக்கிய சொம்பு. கழுத்துவரை நான், கழுத்துக்கு மேல் அவன், இருவருக்கும் சேர்த்து ஒரே சாமந்தி மாலை. தன் கருமாதியைத் தானே பார்க்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது. எனக்கு எழுபத்தைந்து சதவீதம் கிடைத்தது.

அம்மா படத்தை மடியில் வாங்கி, முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு விரலால் தடவினார். பூட்ஸ், கால்சட்டை, பெல்ட். பெல்ட்டுக்கு மேலே ரத்தினம் அறுக்காமல் விட்ட இடத்தில் விரல் நின்றது.

"வயிறு கொஞ்சம் போட்டிருக்குது பாரு பழனி" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "சோறு நல்லாத்தான் போட்டிருக்கறானுங்க. நான் ஒருத்தி, எம்புள்ள பட்டினியாக் கெடந்து செத்தானோன்னு நெனச்சுட்டிருந்தன். என்ற கண்ணு... போதுஞ் சாமி, போயிட்டு வா."

சொம்பை எடுத்துக்கொண்டு போனார்கள். என்னைச் சாப்பிடச் சொன்னார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பழனியம்மா பின்னாலேயே வந்தாள். அங்கே தலைச்சுமையோடு இரண்டு பெண்கள், பீடி குடித்துக்கொண்டு ஒரு பெரியவர்.

"ஏனுங்க. அந்தக் காலிப் பொட்டி முன்னால நின்னப்ப அவன் சிரிச்சானுங்களா?"

"சிரிச்சான். நல்லாச் சிரிச்சான்."

"படத்துல சிரிக்கலீங்க. அம்மாவுக்குத் தெரியல. எனக்குத் தெரியுதே. அவனப் பாத்தது நீங்க ஒருத்தருதான். எப்பிடி நின்னான்னு நின்னு காட்டுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

வாட்சைக் கழற்றி வலது கையில் கட்டினேன். நாற்பதைத் தாண்டிய ஒரு தொந்திக்காரன், மாரமங்கலம் பஸ் நிற்கிற இடத்தில், செருப்புக் காலை முன்னால் வைத்து, மோவாயைத் தூக்கி நின்றேன். "அவருக்கு என்னாச்சுங்க?" என்று பெரியவர் யாரையோ கேட்டார். நான் சிரித்தேன். முதலில் வரவில்லை. அவன் முகத்தை நினைத்துக்கொண்டு மறுபடி சிரித்தேன்.

பழனியம்மா இமைக்காமல் பார்த்தாள். எந்தக் கேமராவும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கன்னம் வலித்தது. கீழே வளைவில் பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள்.

"போதுங்க" என்றாள். "பஸ்ஸு வருது. வாட்ச்ச மாத்திக் கட்டிக்கங்க."